பள்ளம் யாருக்கு, மேடு யாருக்கு?

எங்கள் ஊர்ப் பேரிலேயே ஜலம் இருக்கிறது. ஜலகண்டாபுரம். அந்த ஜலம் மழைக்காலத்தில் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல நிபுணர் யாரும் வர வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துக் காலனிக் கிழவி ஒருத்தியைக் கேட்டேன். "ஊர்த் தண்ணி பூரா நம்ம வூட்டுக்குத்தான் வரும் கண்ணு. குடிக்கிற தண்ணிதான் வராது" என்றாள்.

தோழர்களே, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று ஆயிரம் பக்கம் எழுதுகிறார்களே, அதன் சாரம் இந்த இரண்டு வரிதான்.

போன மாதம் சேலத்தில் மாணவத் தோழர்கள் சிலர் கேட்டார்கள்: "நகரத் திட்டம், வீட்டுத் திட்டம், சூழல் பாதிப்பு, இதெல்லாம் நம்ம பிரச்சினையா? அது என்ஜிஓக்காரங்க வேலையில்லையா?" அதற்கான பதில்தான் இது.

ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். சுடுகாட்டுப் பக்கம், சாக்கடை போய்ச் சேரும் பக்கம். இந்த நாட்டின் முதல் நிலப் பயன்பாட்டுத் திட்டம் இதுதான். வரைபடம் கிடையாது, கெஜட் அறிவிப்பு கிடையாது, ஆட்சேபணைக்கு அவகாசமும் கிடையாது. 1927இல் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியபோது எதிர்த்தது இந்தத் திட்டத்தைத்தான். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. திட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப் போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. பேர் மாறும், பள்ளம் மாறுமா?

கிராமம்தான் அப்படி, நகரத்தில் சாதி இல்லை என்கிறான் படித்தவன். சேலத்துக்கு நாளைக்கு என்ன வரும் என்று தெரிய வேண்டுமானால் சென்னையைப் பாருங்கள். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதல் பத்தாண்டுகளில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே 20, 30 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அதில் பெருந்தொகையினர் தலித்துகள். இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். தென்சென்னையின் மழைத் தண்ணீர் வந்து தேங்குகிற பள்ளம்.

2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. உடனே அடையாறு, கூவம் கரைக் குடிசைகளை 'ஆக்கிரமிப்பு' என்று பிடுங்கி, அந்த மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறார்களாம். அதே வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் முழுகிக் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் முழுகின. சதுப்பு நிலத்தைத் தூர்த்து எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களை எவனும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பறவைகளுக்கு அது நல்லதுதான், சந்தோஷம். ஓரத்தில் குடியேற்றப்பட்ட மனுசனுக்கு என்ன அங்கீகாரம்?

சட்டம் என்ன செய்கிறது? 2006ஆம் வருட அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் சூழல் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு. சுரங்கத்துக்கு, அனல் மின் நிலையத்துக்குக் கேட்பார்கள். நாம் குடியிருக்கப் போகிற வீட்டுக்குக் கேட்க மாட்டார்கள்! இன்னொரு ஓட்டையும் உண்டு. மதிப்பீடு தனித்தனிக் கட்டுமானத்துக்குத்தான், நகரத்தின் மொத்தத் திட்டத்துக்கு இல்லை. எந்தச் சனம் எந்த மூலைக்கு என்று முடிவாவது அந்த மொத்தத் திட்டத்தில்தான். அதில் குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. சாதிக்கு மட்டும் நிறம் கிடையாது.

அமெரிக்காவில் 1982இல் வடகரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பர்கள் அதிகம் வாழும் இடத்தில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து புதைத்தார்கள். மக்கள் லாரிக்கு முன்னால் படுத்தார்கள். கொட்டுவதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் குப்பைக்கும் நிறவெறிக்கும் உறவு உண்டு என்பதை உலகம் பேச ஆரம்பித்தது அங்கேதான். இங்கே கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று எந்த அறிக்கை எழுதுகிறது? சேலத்துச் சாக்கடையும் சாயமும் திருமணிமுத்தாற்றில் இறங்கி நாமக்கல் பக்கம் போகிறது. அந்தக் கரையில் யார் கிணறு கெட்டது என்று சாதிவாரியாக எவன் கணக்கெடுத்தான்?

நம்ம தோழர்களே சிலர் சொல்கிறார்கள்: "வீடே இல்லாதவனுக்கு வீடு குடுக்கிறான், அதையும் குறை சொன்னா எப்படி?" நியாயமான கேள்வி. வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டோடு சேர்த்து வெள்ளத்தையும் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். வேலைக்குப் போக ரெண்டு பஸ் மாற வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கும், மழைக்குத் தரைத்தளம் முழுகும் என்றால் அது சேரிதான். கான்கிரீட் சேரி.

நிலமே இல்லையா? 1892இல் பஞ்சமி நிலம் என்று ஒதுக்கினார்கள். அது இன்று யார் கையில்? அதைக் கேட்டதற்குத்தான் 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. நகரத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் அந்தக் கணக்கைக் காட்டட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். முழுமைத் திட்டத்தின் வரைவு வந்தால் எழுத்தில் ஆட்சேபணை தர 1971ஆம் வருட நகர ஊரமைப்புச் சட்டம் இடம் தருகிறது. வரைபடத்தை வாங்கி, காலனி காலனியாக எடுத்துப் போய் விரித்துக் காட்டுங்கள். மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள். இந்த இடத்தில் தண்ணீர் எப்போது நின்றது? இங்கே குடியேற்றப்படுகிறவர்கள் என்ன சாதி? அவர்களை யார் கேட்டது?

பதில் எழுத அதிகாரிக்குத் தெரியாது. காலனிக் கிழவிக்குத் தெரியும். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.