கைக்குழந்தையும் கல்லூரிப் பந்தாட்டமும்

பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுப் பிரிந்து, ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாகக் கற்பிட்டியை நோக்கி நீளும் பாதையிலே சென்றால் தலவில வரும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடைபெறும் புனித அன்னம்மாள் பெருவிழாவுக்கு அங்கே திரளுகின்ற மக்கட் கூட்டத்தைக் கண்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. 1843ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பெற்ற அந்தக் கோவிலின் முதிரை மரத் தூண்களை அண்ணாந்து பார்ப்பவர் சிலர். கடலைப் பார்த்து நிற்பவர் சிலர். நாம் பார்த்தது வேறொன்று. அந்தத் திரளில் எங்கு நோக்கினும் குழந்தைகள்! தாயின் தோளில் உறங்கும் குழந்தை, தந்தையின் கழுத்தில் ஏறியிருக்கும் குழந்தை, மரத்தடியிற் கட்டிய சேலைத் தொட்டிலில் ஆடும் குழந்தை, மணலிற் புரண்டு அழும் குழந்தை. தமிழர், சிங்களவர் என்ற பேதமின்றி, வேற்றுச் சமயத்தாரும் வந்து கலக்கும் அந்தக் கூட்டத்திலே, “இந்தப் பச்சைப் பிள்ளையை ஏன் இங்கே தூக்கிக்கொண்டு வந்தாய்?” என்று எந்தத் தாயையும் எவரும் கேட்பதில்லை. குழந்தை அங்கே விருந்தாளியன்று, விழாவின் சொந்தக்காரன்.

இதே தாயும் தந்தையும் அதே குழந்தையுடன் ஒரு கல்லூரி உதைபந்தாட்டப் போட்டிக்குப் போனால் என்ன நடக்கும்? அந்தக் கேள்வியையே இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

நம் நாட்டிலே கல்லூரி என்பது படித்து முடித்ததும் விட்டு வருகின்ற கட்டடமன்று. நரை கண்ட பின்னும், “எங்கள் கல்லூரி” என்று சொல்லும்போது குரல் சற்றே உயராத மனிதரைக் காண்பது அரிது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடக்கம் ஆடிவரும் கிரிக்கெட் போட்டியை ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்றே மக்கள் அழைக்கின்றனர். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக ஆடும் றக்பி காற்பந்தாட்டம் 1945இலே தொடங்கியது. கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என இரு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டியே அங்கு வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. புத்தளக் கரையின் காதலோ உதைபந்தின் மீது. சோளகக் காற்றுக்குக் கடல் கொந்தளித்து, வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் நாட்களிலே, வாடிகளுக்கு நடுவே கிடைத்த மணல்வெளியில் வெறுங்காலுடன் பந்தை உருட்டும் சிறுவர்களைக் காண்பதற்கு யாரும் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. பின்னர் அவர்களே கல்லூரிச் சட்டையணிந்து மைதானத்தில் இறங்கும்போது, அந்தக் கரை முழுவதுமே எல்லைக் கோட்டோரம் வந்து நின்றுவிடுகிறது.

அப்படி நின்ற இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். பத்து ஆண்டுகளாக ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவன். அவனுக்கு மணமாகிறது. அவளும் பந்தாட்டம் அறிந்தவளே. தன் தமையன்மார் ஆடுவதைக் கண்டு வளர்ந்தவள். முதலாண்டு இருவரும் சேர்ந்தே போகின்றனர். மறு ஆண்டு குழந்தை பிறக்கிறது. அதன் பின்னர் அவன் மட்டும் போகிறான். அவள் வீட்டில். அடுத்த ஆண்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் போகாது விடுகிறான். அல்லது பார்த்தும் பாராதவன்போலப் போய்விடுகிறான். இவ்விரண்டும் இழப்பே. முன்னதில் மைதானம் ஒரு நல்ல ரசிகனை இழக்கிறது; பின்னதில் வீடு ஒரு நல்ல மாலையை இழக்கிறது.

‘பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன?’ என்பதே இதற்கு இயல்பான விடை. ஆனால் அந்த விடையைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகஞ்சுளிக்கின்றனர். “சத்தம், வெயில், சனநெருக்கடி, பாலகனுக்கு அங்கே என்ன வேலை?” என்கின்றனர். முதியோர் சொல்லை மூடத்தனம் என்று தள்ளிவிடுதல் இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. நாம் அவ்வாறு தள்ளமாட்டோம். அவர்கள் கூறும் மூன்று அச்சங்களும் மெய்யானவை.

முதலாவது, சத்தம். தொழிலிடங்களிலே 85 தெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாதென்று அறிஞர் வரையறுத்துள்ளனர். ஒலி 3 தெசிபல் உயருந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது. இக்கணக்கின்படி 100 தெசிபலை எட்டும்போது எஞ்சுவது 15 நிமிடமே. இது வளர்ந்தோர் செவிக்குரிய கணக்கு. ஊதுகுழலும் பறையும் ஒலிபெருக்கியும் ஒருங்கே முழங்கும் ஆட்டத்திலே அந்த அளவைத் தொடுதல் அரிதன்று. குழந்தையின் செவிக்குழாய் சிறியதாகையால் கூரிய ஒலிகள் அதனுள் இன்னும் பலமாகத் தாக்குகின்றன. ‘காது வலிக்கிறது’ என்று சொல்லவும் அதற்கு வாயில்லை. 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர் துரூ பிரீஸ், தம் அணி வாகை சூடியவுடன் ஒரு வயதுக் குழந்தையை ஏந்தி நின்ற படம் உலகெங்கும் வெளிவந்தது. அக்குழந்தையின் இரு செவிகளையும் பெரிய காதுக் கவசம் மூடியிருந்தது. வெற்றிக் களிப்பின் உச்சியிலும் பிள்ளையின் செவியை மறவாத பெற்றோரின் கவனமே அந்தப் படத்தில் நம்மைக் கவர்ந்தது.

இரண்டாவது, வெயில். புத்தளத்தின் வரண்ட வெப்பத்தை நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. பெரியவரைக் காட்டிலும் குழந்தையின் உடல் விரைவிற் சூடேறும். தாகத்தையும் அதனால் உணர்த்த இயலாது.

மூன்றாவதே யாவற்றிலும் கொடியது, அது நெருக்கடி. 1989ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசல் 97 உயிர்களைக் குடித்தது. அவர்களில் மிக இளையவனுக்கு வயது 10. 2022ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் நாள், இந்தோனேசியாவின் மலாங் பகுதியிலே, கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி வாயில்களை நோக்கி ஓடிய கூட்டத்தில் 135 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் சிறுவர். இத்தகைய இடங்களில் மக்கள் மிதிபட்டே இறப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலோர் நின்றபடியே, நெஞ்சு விரிய இடமின்றி, மூச்சடைத்து இறக்கின்றனர். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஐந்தாறு பேர் நெருங்கிவிட்டால், அதன் பின் எவரும் தம் விருப்பப்படி அடியெடுத்து வைப்பதில்லை. கூட்டமே நீர்போல் அசைகிறது. அந்த நீரில் இடுப்புயரக் குழந்தையின் நிலையை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நடுங்குகிறது.

ஆகவே, பெரியோர் சொல்வது சரியே. ஆயினும், அவர்கள் காட்டும் முடிவு ஒன்றே வழியன்று. தலவிலக்கு அதே பெரியோர் தாமே குழந்தைகளைத் தூக்கிச் செல்கின்றனர் அல்லவா? அங்கே வெயில் இல்லையா? சத்தம் இல்லையா? நெருக்கடி இல்லையா? மூன்றும் உண்டு. வேறுபாடு யாதெனில், அங்கே வருவோர் பிள்ளை குட்டிகளோடுதான் வருவர் என்பதை அனைவரும் முன்கூட்டியே அறிந்திருக்கின்றனர். அவர்கள் நிழல் தேடித் தங்குகின்றனர். சோறும் தண்ணீரும் சுமந்து வருகின்றனர். பிள்ளை அழுதால் தாய் கூட்டத்தை விட்டு ஒதுங்கிக் கடற்கரைக்குப் போவதற்குப் பரந்த வெளி கிடக்கிறது. வெறும் அன்பினால் மட்டும் குழந்தைக்கு இடம் உண்டாவதில்லை, முன்யோசனையினால் உண்டாகிறது. நம் கல்லூரி மைதானங்களோ, வருகிறவர்கள் யாவரும் தனியாட்கள் என்றும், ஆண்கள் என்றும், இருபது வயதினர் என்றும் எண்ணியே ஒழுங்கு செய்யப்படுகின்றன.

கல்லூரிகள் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. மைதானத்தின் ஒரு மூலையில், வாயிலுக்கு அண்மையில், கிடுகினால் ஒரு பந்தல். அங்கே ஒலிபெருக்கி வேண்டாம். குடிநீர், தூய கழிப்பிடம், தாய் பாலூட்டுவதற்கு ஒரு மறைப்பு. குழந்தையுடன் வருவோருக்குத் தனி வாயில். ஆட்டம் முடிந்த பின் முதலில் அவர்களை அனுப்பும் வழக்கம். தவறிப்போன பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்க யாவருக்கும் தெரிந்த ஓரிடம். இவற்றுடன், மதுபானத்தை வாயிலுக்கு அப்பால் நிறுத்தும் உறுதி. கடைசியாகச் சொன்னது கழிப்பிடத்தைவிடக் கடினமானது என்பதை அறிவோம். ஆயினும் பழைய மாணவர் சங்கங்கள் மனம்வைத்தால் ஆகாதது எது?

பெற்றோர் செய்ய வேண்டியவையும் உண்டு. முதல் தடவையே பெரும்போட்டிக்குக் கொண்டு போதல் வேண்டாம். பதினைந்து வயதுக்குட்பட்டோர் ஆடும் சிறிய ஆட்டமொன்றுக்கு, வெயில் தாழ்ந்த வேளையில் கூட்டிச் செல்லுங்கள். கூட்டத்தின் நடுவே அமராது ஓரத்தில், வெளியேறும் வழி கண்ணிற்படும் இடத்தில் அமருங்கள். பிள்ளையின் கையிலே உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். செவியை மூட மறவாதீர்கள். பிள்ளை சோர்ந்தால், ஆட்டம் எந்த நிலையில் இருப்பினும் எழுந்துவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் விழப்போகும் கோலைக் காணாமற் போவது துயரமே. எனினும் அந்தக் கோலைப்பற்றி நாளை ஊரே சொல்லும். பிள்ளையின் துன்பத்தை ஊர் சொல்லாது. தாயும் தந்தையும் பாதிப்பாதி நேரம் பார்ப்பதென்று முறைவைத்துக்கொண்டால் இன்னும் நன்று. முற்பாதியில் அவன் பிள்ளையை வைத்திருக்க அவள் பார்க்கட்டும். பிற்பாதியில் அவன் பார்க்கட்டும். “நான் பார்க்கிறேன், நீ பிள்ளையைப் பார்” என்பது முறையன்று. அது வீட்டிலிருந்த அநீதியை மைதானத்துக்கு இடம் மாற்றுவது மட்டுமே.

இவையெல்லாம் உடலைக் காப்பதற்கான ஏற்பாடுகள். உள்ளத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மைதானத்துக்கு வரும் குழந்தை பந்தைப் பார்ப்பதில்லை, தந்தையைப் பார்க்கிறது. நடுவர் ஊதியதும் அவர் முகம் எப்படி மாறுகிறது, எதிரணிப் பையன் விழுந்தபோது அவர் சிரிக்கிறாரா பதறுகிறாரா, தோற்றபின் என்ன சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறார் என்பதையே அது படிக்கிறது. ஒரு பிற்பகலில், இப்பகுதி மைதானமொன்றிலே, நடுவரைத் தகாத சொல்லால் ஏசிய ஒருவரின் சட்டையை இழுத்து, அவருடைய நான்கு வயது மகன், “வாப்பா, அந்த மாமா உங்களுக்கு என்ன செய்தார்?” என்று கேட்டதை அருகிலிருந்து கேட்டோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை அவர் வாய் திறக்கவுமில்லை. அந்தப் பிள்ளையை வீட்டில் விட்டு வந்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்திராது. குழந்தைகளுக்கு மைதானம் தேவையோ இல்லையோ, நம் மைதானங்களுக்குக் குழந்தைகள் தேவை என்று நாம் துணிந்து சொல்வது இதனாலேயே. பிள்ளைகள் அமர்ந்திருக்கும் இடத்தில் ஆண்மக்கள் நாவடக்கம் பழகுகின்றனர்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மைதானம் 1927இலே திறக்கப்பட்டது. இன்று அதிலே 1,07,601 பேர் அமரலாம். அத்தகைய பேரரங்குகள் நமக்கு வேண்டியதில்லை. பாட்டனும் மகனும் பேரனும் ஒரே வரிசையில் இருந்து ஒரே நிறக் கொடியை அசைக்கும் அந்த வழக்கம் மட்டும் இருந்தால் போதும். கல்லூரிப் பற்று நூலிற் படித்து வருவதன்று. தோளிலிருந்து தோளுக்கு இறங்கி வருவது. 1995ஆம் ஆண்டு தெற்காசியக் கிண்ணத்தை இலங்கை உதைபந்தாட்ட அணி வென்ற செய்தியை இன்றைய சிறுவர் அறிவது, அன்று அதைக் கண்டு துள்ளிய தந்தையர் சொன்னால்தான்.

கிறித்தவ மரபிலே அன்னம்மாள் ஒரு தாய். பேரனைக் கண்ட பாட்டியும் ஆவாள். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவது நம் வீடுகளின் பழைய வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆனால் தலவிலயிலோ பாட்டியும் தாயும் குழந்தையும் சேர்ந்தே வருகின்றனர். ஒருவருக்காக ஒருவர் வீட்டில் தங்குவதில்லை. அடுத்த கல்லூரிப் போட்டியின் நாள் குறிக்கப்படும்போது, விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் கொடிக்கும் கிண்ணத்துக்கும் கணக்கெழுதும் ஏட்டில், ஒரு கிடுகுப் பந்தலுக்கும் ஒரு வரி எழுதட்டும். அந்தப் பந்தலில் அமர்ந்து தன் கல்லூரியின் பெயரைக் கூவும் இளந்தாயின் குரலுக்காக அந்த மைதானங்கள் நெடுங்காலம் காத்திருந்துவிட்டன.