வேதா நிலையம் ஏன் நினைவில்லம் ஆகவில்லை? போயஸ் கார்டன் தெருவில் நடந்தது என்ன?

சென்னை கதீட்ரல் சாலையில் இருந்து உள்ளே திரும்பினால் வருகிற ஒரு குடியிருப்புப் பகுதிதான் போயஸ் கார்டன். மரங்கள், உயரமான மதில்கள், மூடிய கேட்டுகள். கடைத்தெரு கிடையாது, பெரிய கோயில் கிடையாது. ஆனாலும் தமிழ்நாட்டில் எந்த ஊரில் கேட்டாலும் இந்தப் பெயரைத் தெரியாதவங்க குறைவு. காரணம், ஒரே ஒரு வீடு.

அந்த வீடான வேதா நிலையத்தை நினைவில்லமாக மாற்ற அரசு சட்டம் போட்டது, பணம் கட்டியது, திறப்பு விழாவும் நடத்தியது. கடைசியில் சாவி போனதோ வாரிசுகள் கைக்கு. இது எப்படி நடந்தது? வாங்க, பார்ப்போம்.

தெருவுக்குப் பெயர் வாங்கித் தந்த வீடு

1967-ல் இந்த இடத்தை வாங்கிய விலை சுமார் 1.32 லட்சம் ரூபாய். ஜெயலலிதாவின் தாயார் சந்தியாவின் இயற்பெயர் வேதவல்லி. அதிலிருந்து வந்ததுதான் 'வேதா நிலையம்'. 2016 தேர்தல் வேட்புமனுவில் ஜெயலலிதா இதற்குக் காட்டிய மதிப்பு சுமார் 44 கோடி.

நடிகையின் வீடாக இருந்தது, அவர் அரசியலுக்கு வந்த பிறகு ஓர் அதிகார மையமாகவே மாறிப்போனது. 1996-ல் அவர் கைதானதும் இங்கிருந்துதான். 'போயஸ் கார்டனில் இருந்து உத்தரவு' என்று சொன்னால் அது கட்சியின் முடிவு என்றே அர்த்தம்.

இதே பகுதியில்தான் ரஜினிகாந்தும் வசிக்கிறார். 2023-ல் தனுஷ் இங்கே புது வீட்டுக்குக் குடிவந்தார். 2024 ஜனவரியில் சசிகலா கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்தது, அதுவும் வேதா நிலையத்துக்கு எதிரிலேயே.

நினைவில்லம் திட்டம் எப்படி வந்தது?

2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா காலமானார். இந்த வீடு யாருக்குன்னு அவர் உயில் எழுதி வைத்ததாக எதுவும் வெளிவரவில்லை. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கு.

2017 ஆகஸ்ட்: வீடு அரசு நினைவில்லம் ஆகும் என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார்.

2020 மே: அவசரச் சட்டம் வந்தது. அதே மாதத்தில், அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும் சட்டப்பூர்வ வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வீட்டை முதல்வரின் அதிகாரப்பூர்வ இல்லமாக்கி, ஒரு பகுதியை மட்டும் நினைவிடமாக வைக்கலாமே என்றும் நீதிபதிகள் யோசனை சொன்னார்கள்.

2020 ஜூலை: இழப்பீட்டுத் தொகை என்று சுமார் 67.9 கோடி ரூபாயை அரசு நீதிமன்றத்தில் கட்டியது. இதில் பாதிக்கும் மேல் வருமான வரி பாக்கிக்கான தொகை.

2021 ஜனவரி 28: நினைவில்லம் திறக்கப்பட்டது. ஆனால் வழக்கு நிலுவையில் இருந்ததால், பொதுமக்களை உள்ளே விட நீதிமன்றம் அனுமதிக்கவில்லை.

தெருவாசிகள் என்ன சொன்னார்கள்?

இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத தரப்பு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். நினைவில்லம் வந்தால் தினமும் கூட்டம் வரும், பேருந்துகள் நிற்கும், அமைதியான குடியிருப்பு சுற்றுலாத் தலமாகிவிடும் என்பது அவர்கள் வாதம். அவர்களும் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

'பணக்காரங்க தெருதானே, கொஞ்சம் சகிச்சுக்கட்டுமே' என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனா இதே கேள்வி நாளைக்கு உங்க தெருவுக்கும் வரலாம். பக்கத்து வீட்டை அரசு எடுத்து, தினம் ஆயிரம் பேர் வந்துபோகும் இடமாக்கினால், உங்களிடம் யாராவது கேட்கணுமா, வேண்டாமா?

நீதிமன்றம் என்ன சொன்னது?

2021 நவம்பர் 24-ல் நீதிபதி என். சேஷசாயி, வீட்டைக் கையகப்படுத்திய உத்தரவை ரத்து செய்தார். தீர்ப்பின் சாரம் இரண்டு விஷயங்கள்.

ஒன்று, பொது நோக்கம். மெரினாவில் சுமார் 80 கோடியில் நினைவிடம் ஏற்கெனவே இருக்கும்போது இரண்டாவது எதற்கு? ஒருவரின் சொத்தை அரசு எடுக்க 'பொது நோக்கம்' என்று சொன்னால் போதாது. அது என்ன என்று காட்டணும்.

இரண்டு, நடைமுறை. வாரிசுகளின் தரப்பை முறையாகக் கேட்காமல் எடுத்தது தவறு.

டிசம்பர் 10-ல் சாவி தீபா, தீபக் கைக்கு வந்தது. அதிமுக தரப்பு மேல்முறையீடும் 2022 ஜனவரியில் தள்ளுபடி ஆனது.

மற்ற தலைவர்கள் வீடுகள்?

தி.நகர் திருமலைப்பிள்ளை சாலையில் காமராஜர் வாழ்ந்தது வாடகை வீட்டில். அது இன்று நினைவில்லம். எம்.ஜி.ஆர். உயில் எழுதி வைத்தார். தி.நகர் இல்லம் நினைவில்லம் ஆனது, ராமாவரம் தோட்டத்தில் பேச்சு, செவித்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளி நடக்கிறது. போயஸ் கார்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கோபாலபுரம் வீட்டை, தனக்கும் தயாளு அம்மாளுக்கும் பிறகு ஏழைகளுக்கான மருத்துவமனை ஆகணும் என்று 2010-லேயே தானமாக எழுதிக் கொடுத்தார் கருணாநிதி.

எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. வேதா நிலையத்துக்கு அது இல்லை.

கடைசியாக...

ஜெயலலிதா மீதான தொண்டர்களின் அன்பு பொய்யில்லை. அவர் நினைவு நாளில் இன்றைக்கும் மெரினாவில் கூட்டம் வருது. ஆனா அன்பை மட்டும் வைத்து ஒரு தனியார் வீட்டைப் பொதுச்சொத்து ஆக்க முடியாது. அதுக்கு உரிமையாளரின் விருப்பம் எழுத்தில் இருக்கணும். இல்லைன்னா, அரசு சட்டத்துக்கு உட்பட்டு, வாரிசையும் அக்கம்பக்கத்தையும் கேட்டு எடுக்கணும்.

தலைவர்களுக்கு மட்டுமில்லை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இருந்தாலும், 'எனக்குப் பிறகு இது யாருக்கு?' என்பதை எழுதி வைக்காவிட்டால், அதை முடிவு செய்வது மற்றவர்கள்தான். போயஸ் கார்டன் கதை சொல்வது இதைத்தான்.