நாயை விட்டுட்டு வா! காப்பகம் சொல்கிறது, விட்டால் குற்றம்! சட்டம் சொல்கிறது

சென்னையில் மழை கொட்டினால் பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களை எழுப்பி, மாநகராட்சியின் இரவுக் காப்பகத்துக்குக் கூப்பிடுவார்கள். போகிறவர்கள் போவார்கள். நாய் வைத்திருப்பவர் யோசிப்பார். அங்கே அவருக்குக் கட்டில் உண்டு. நாய்க்கு இடம் கிடையாது.

"அவனுக்கே சோத்துக்கு வழியில்லை, இதிலே நாய் வேறயா?" என்று கேட்பவர்கள் உண்டு. போலீஸ் நிலையம் ஏறி இறங்குகிறவர்களுக்கு விஷயம் தெரியும். ரோட்டில் தூங்குகிறவரின் மடியில் இருக்கும் அன்றைய கூலிக்குத்தான் பிக்பாக்கெட் ஆசாமி முதலில் குறி வைப்பான். பெண்ணாக இருந்தால் ஆபத்து வேறு மாதிரி. கதவு, தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் குரைக்கிற நாய்தான் கதவு, அதுதான் தாழ்ப்பாள். செல்லப் பிராணி என்று சொல்வதைவிட, சம்பளம் வாங்காத கூர்க்கா என்று சொல்லலாம்.

ரெண்டு பக்கமும் இடி

பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஒரு ஆளுக்கு 50 சதுர அடி என்று மத்திய அரசுத் திட்டமும் கணக்குப் போட்டது. எல்லாம் மனிதக் கணக்கு. ஒரே ஹால், வரிசையாகக் கட்டில். கிழவர்களும் குழந்தைகளும் படுக்கிற இடத்தில் நாய் ஒருவரைக் கடித்தால் காப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் மறுப்பதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

சரி, நாயை விட்டுவிட்டுப் போகலாமா? தகுந்த காரணம் இல்லாமல் பிராணியைப் பட்டினிக்கு விட்டுப் போவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்!

விடாமல் வைத்துக்கொண்டால்? வளர்ப்பு நாய்க்கு லைசென்சு இல்லாவிட்டால் ரூ.5 ஆயிரம் அபராதம் என்று 2025 கடைசியில் மாநகராட்சி கெடுபிடி காட்டியது. லைசென்சுக் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழோடு முகவரிக்கும் அத்தாட்சி வேண்டும். "பாரிமுனை பிளாட்பாரம், மூன்றாவது தூண்" என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

லைசென்சு இல்லாததைத் தெரு நாய் என்றுதான் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையங்களில் நாய்களைப் பிடித்து, திரும்ப அங்கே விடக்கூடாது என்று 7-11-2025 அன்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. ஆஸ்பத்திரி நோயாளிகளின் பாதுகாப்பை நினைத்தால் உத்தரவில் நியாயம் இருக்கிறது. வீடில்லாதவர்கள் படுப்பதும் அதே இடங்கள்தான். பெரிய ஆஸ்பத்திரி வாசல், சென்டிரல், கோயம்பேடு. அங்கே வலை வீசுகிறவருக்கு எது யாருடைய நாய் என்று எப்படித் தெரியும்?

என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2019-ல் இதற்கென்றே பட்ஜெட்டில் 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. காப்பகத்திலேயே நாய்க்கும் இடம், தீனி, வைத்தியம். நமக்கு அவ்வளவு பணம் வேண்டாம். காப்பகத்துப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை, சங்கிலி மாட்ட நாலு கொக்கி, தண்ணீர்த் தொட்டி. ஊசி போட்டு, கருத்தடை செய்த நாய்க்கு மட்டும் அனுமதி என்று கண்டிப்பு வைக்கலாம். முதலில் பெண்கள் காப்பகம் ஒன்றில் ஆரம்பிக்கலாம். லைசென்சுக்குக் காப்பகத்தின் முகவரியையே ஏற்றுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

காப்பகம், லைசென்சு, நாய் பிடிக்கும் வண்டி மூன்றுமே மாநகராட்சி கையில்தான். கோட்டைக்கு எழுதி அனுமதிக்குக் காத்திருக்கிற அளவுக்குப் பெரிய காரியமும் இல்லை.

இன்னொன்று. நாயோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவது பிளாட்பாரவாசிக்கு நடக்காத காரியம். கண்டக்டர் ஏற்ற மாட்டார். தெரு நாய்களுக்கு ஊசி போட 2025-ல் மாநகராட்சி ஆட்கள் தெருத் தெருவாகப் போனார்கள். அதே ஊசியை இவர்கள் நாய்க்கும் போட்டு, கையோடு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், அடுத்த மழைக்குக் காப்பக வாசலில் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.