பட்டமா? பிழைப்பா?

மரக்காணம் உப்பளத்துத் தோழர்களே! நமது ஜில்லாவின் தலைநகராகிய விழுப்புரத்தில், சித்திரை மாதம் வந்தால் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவையொட்டித் திருநங்கையருக்கு அழகிப் போட்டி நடப்பது உங்களுக்குத் தெரியும். பெரிய மனிதர்கள் மேடையேறிக் கிரீடம் சூட்டுகிறார்கள். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். அதே திருநங்கை மறுவாரம் குடியிருக்க வீடு கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். வேலை கேட்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். இதுதானா யோக்கியதை என்று கேட்கிறோம்.

கோவைத் திருநங்கை பத்மினி பிரகாஷ் அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். சிறு பிராயத்திலேயே பெற்ற குடும்பம் அவரைக் கைவிட்டது. வணிகவியல் பட்டப் படிப்பில் சேர்ந்தும் முடிக்க முடியாமல் நடுவில் நின்றுவிட்டார். பரதம் பயின்றார், திருநங்கையர் அழகிப் போட்டியில் பட்டமும் வென்றார். அந்தப் பட்டம் சோறு போட்டுவிடவில்லை. 2014 ஆகஸ்ட் 15-ந் தேதி மாலை, கோவை லோட்டஸ் செய்தித் தொலைக்காட்சியில் அவர் செய்தி வாசிக்க உட்கார்ந்தார். இந்தியாவிலேயே இப்பணிக்கு வந்த முதல் திருநங்கை என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அன்று அவர் கவலைப்பட்டது முக அழகுக்காக அல்ல. உச்சரிப்பு பிசகக்கூடாதே என்பதற்காக! தொழில் கிடைத்தால் மனிதருக்கு வரும் கவலை அதுதான், அதுவே மானமுமாகும்.

திருநங்கையாய்ப் பிறப்பது முன்ஜென்மப் பலன் என்பார்கள் வைதிகர்கள். பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்டது யார் ஜென்மத்துப் பலன்? அரவான் கதை இவர்களுக்கு என்ன தந்தது? ஒரு ராத்திரிக்குத் தாலி. பொழுது விடிந்தால் தாலியறுப்பும் வெள்ளைச் சேலையும். விதவைக் கோலமே கொடுமை என்று நாம் சொல்லிவர, அதையும் ஒரு திருவிழாவாக்கி வேடிக்கை பார்க்கிறார்கள். மாதச் சம்பளம் தரும் புராணம் ஏதாவது உண்டா?

“அழகிப் போட்டியைச் சுயமரியாதைக்காரர் புகழலாமா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நாம் போட்டியைப் புகழவில்லை. மனிதரை உடம்பைக் கொண்டு மதிப்பிடுவது, பெண் பார்க்கும் சடங்கைப் போலவே இழிவானது. ஆனால் எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, திறந்திருந்த ஒரு கதவில் நுழைந்தவரைக் குற்றம் சொல்வது நியாயமா? அடைத்தவனல்லவா குற்றவாளி!

சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் 2008-லேயே நலவாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15-ல் சுப்ரீம் கோர்ட்டார் இவர்களை மூன்றாம் பாலினமாக ஒப்புக்கொண்டு, கல்வியிலும் உத்தியோகத்திலும் இடஒதுக்கீடு வேண்டுமென்றார்கள். ஆனால் தீர்மானம் நடைமுறைக்கு வர எவ்வளவு காலமாகும் என்பதை நாம் அறிவோம். பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு என்று 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் நாம் தீர்மானித்தோம். குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. இன்னுமொரு 60 வருஷம் காத்திருக்க இவர்களால் ஆகாது.

ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால் அடித்துத் துரத்தாதீர்கள், படிக்க வையுங்கள். வேலை கேட்டு வந்தால் திறமையை மட்டும் பாருங்கள். உப்பை வாரிக் குவித்த கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று அதைத் தின்கிறவன் கேட்பதில்லை. செய்தி வாசிக்கும் குரலை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

அடுத்த சித்திரையில் விழுப்புரம் மேடைக்கு வரும் பெரிய மனிதர்கள் கிரீடத்தை வீட்டில் வைத்துவிட்டு, கையில் வேலை உத்தரவோடு வரட்டும். அன்றைக்கு நாமும் கை தட்டுவோம்.