காரோடு போனஸையும் கொடுத்து விடுவதா?

பழைய காரை விற்று விட்டு வேறு கார் வாங்குகிறார் ஒரு கடைக்காரர். பேரம் முடிகிறது. சாவி, ஆர்.சி., இன்சூரன்ஸ் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுப் புரோக்கரிடம் நீட்டி விட்டு, "அப்பாடா" என்று வீட்டுக்குப் போகிறார்.

அங்கேதான் கோட்டை விடுகிறார்!

5 ஆண்டுகள் ஒரு கீறலுக்குக்கூட கம்பெனியிடம் பணம் கேட்காதவருக்கு, சொந்த சேதத்துக்கான பிரிமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. 'நோ கிளைம் போனஸ்' என்று பெயர். அது காருக்குச் சொந்தம் அல்ல, காரின் சொந்தக்காரருக்குச் சொந்தம். கம்பெனியில் கேட்டுக் கடிதம் வாங்கினால், அடுத்து வாங்கும் அதே ரக வண்டிக்குப் போட்டுக் கொள்ளலாம். 10 ஆயிரம் கட்ட வேண்டிய இடத்தில் 5 ஆயிரம் மிச்சம். இதைப் புரோக்கர் சொல்வாரா? அவருக்கு என்ன வந்தது!

பாலிசியில் மீதி உள்ள மாதங்களையும் புதிய காருக்கு மாற்றலாம். வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும். விற்ற கார் வேறு பாலிசியில் ஓடுகிறது என்பதற்கு அத்தாட்சியும் காட்ட வேண்டும்.

"அதான் பாலிசி இருக்கே, அப்புறம் மாத்திக்கலாம்" என்று காரைக் கிளப்புகிறவர்கள் உண்டு. ஆபத்து! பத்திரத்தில் எந்த வண்டியோ அதற்குத்தான் பாதுகாப்பு. போலீசில் சிக்கினால் முதல் தடவை 2 ஆயிரம் அபராதம். அதுகூடப் போகட்டும். ரோட்டில் ஒருவர் அடிபட்டு இறந்தால், நஷ்ட ஈட்டுக்கு வீட்டை விற்க வேண்டி வரும்.

பழைய காரை வாங்கியவரும் சும்மா இருக்க முடியாது. 14 நாளுக்குள் இன்சூரன்சைத் தன் பெயருக்கு மாற்ற மனு கொடுக்க வேண்டும். அடுத்தவர்களுக்கான நஷ்ட ஈட்டுப் பாதுகாப்பு தானாகவே அவருக்கு வந்து விடும். ஆனால் சொந்தக் கார் நொறுங்கினால் பணம் வராது. சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே சொல்லி விட்டது.

விற்றவருக்கு இன்னொரு தலைவலி. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்பது 2018 தீர்ப்பு. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது!

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொண்டு மாதக் கணக்கில் பெயர் மாற்றாமல் இழுத்தடிக்கும் புரோக்கர்களை ஆர்.டி.ஓ. அதிகாரிகள் கவனிக்க வேண்டும். அதுவரை, ஆர்.சி.யில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்காமல் விற்றவர் ஓயக் கூடாது.