சிறைப்பட்ட தாயிடம் நாம் கேட்கும் கேள்வி



2023 டிசம்பர் 10 அன்று நார்வேயின் ஒஸ்லோ நகரில் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டபோது, பரிசுக்குரியவரின் நாற்காலி காலியாக இருந்தது. ஈரானைச் சேர்ந்த நர்கெஸ் முகமதி அன்று தெஹ்ரானின் எவின் சிறைச்சாலையில் இருந்தார். 2015 முதல் தாயை நேரில் காணாத அவருடைய இரட்டைப் பிள்ளைகள் பரிசைப் பெற்று, அவர் சிறையிலிருந்து எழுதியனுப்பிய உரையை வாசித்தார்கள்.

பெண்களின் உரிமைக்காகவும் மரண தண்டனைக்கு எதிராகவும் அவர் பேசினார். அதற்காக 13 முறை கைது, 5 முறை தண்டனைத் தீர்ப்பு, மொத்தம் 31 ஆண்டு சிறை, 154 கசையடி என்று பரிசை அறிவிக்கையில் நோபல் குழு கணக்கிட்டுச் சொன்னது.

இச்செய்தியைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு எழும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு தாய்க்கு ஏன் இந்த வேலை?" இது நீதியான கேள்வி அல்ல என்பதே என் துணிபு.

பேதுருவை எண்ணிப் பாருங்கள். அவர் மணமானவர், ஆண்டவர் அவருடைய மாமியைச் சுகமாக்கியதை அறிவோம். ஏரோது அவரைச் சிறையிலிட்டபோது, வீட்டாரை விட்டுவிட்டு இவர் ஏன் பிரசங்கிக்கப் போனார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆணின் சிறைவாசத்தைச் சாட்சி என்கிறோம். பெண்ணின் சிறைவாசத்தைக் கடமை தவறியதாக எண்ணுகிறோம். வேதம் இவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. சவுல் வீடுவீடாக நுழைந்து சிறைக்கு இழுத்துச் சென்றவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம் பதிவு செய்கிறது. அவர்களிலும் தாய்மார் இருந்திருப்பார்கள் அல்லவா?

"அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லவே" என்றும் சிலர் சொல்லக்கூடும். தனிமைச் சிறையில் வாடிய பெண்களின் சாட்சியங்களை நர்கெஸ் நூலாகத் தொகுத்தார். அவர்களுள் பஹாய் மதத்தவர் உண்டு. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பெண்ணும் உண்டு. நம் சகோதரிக்காக அவர் பேசினார். அவருக்காக நாம் மௌனமாயிருக்கலாமா?

ஆகையால், அன்பானவர்களே, சிறைப்பட்டோருக்காகப் பொதுவாக ஜெபிப்பதோடு நிறுத்தாமல், இவ்வாரக் குடும்ப ஜெபத்தில் நீதிக்காகச் சிறைப்பட்ட ஒரு பெண்ணையாவது பெயர் சொல்லி நினைவுகூருங்கள். அந்தப் பழைய கேள்வி மீண்டும் நாவில் எழுந்தால், அதைத் தாயிடம் கேளாதீர்கள். பிள்ளைகளிடமிருந்து தாயைப் பிரித்து, சிறைக்கதவைப் பூட்டியவர்களிடம் கேளுங்கள்.

கட்டுண்டோரின் பெருமூச்சைக் கேட்கிற கர்த்தர் நமக்கு நீதியின் இருதயத்தைத் தந்தருள்வாராக. ஆமென்.