மலையில் வண்டி படுத்தால் யார் வருவார்?

கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் சனிக்கிழமை காலை நின்று பார்த்தால் தெரியும். சென்னையில் இருந்து 250 கிலோ மீட்டருக்கு மேல் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி வந்த பைக்குகள் வரிசையாக நிற்கும். ஹெல்மெட்டில் கேமரா. முழங்காலில் கவசம். டீ உள்ளே இறங்கியதும் "போலாமா மச்சி" என்று ஒரு முறுக்கு. கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, அதற்கு மேலே கல்வராயன் மலை. சர்ரென்று ஏறிவிடுகிறார்கள்.

ஏறட்டும். இளவட்டம் மலை ஏறாமல் வேறு யார் ஏறுவது? ஆனால் பாதி மலையில் கிளட்ச் ஒயர் அறுந்தால்?

அங்கேதான் விவகாரம் ஆரம்பம். கையில் இருக்கும் செல்போனைப் பார்ப்பார்கள். டவர் இருக்காது. மெக்கானிக் எங்கே என்று கேட்பார்கள். கீழே இருக்கிறார். கீழே என்றால் அவர்கள் டீ குடித்தார்களே, அந்தக் கடைக்குப் பக்கத்தில்!

மலையில் வண்டி கெடுவது மலையின் குற்றம் அல்ல. வெறும் கையோடு ஏறியவரின் குற்றம். இதை யாராவது முகத்துக்கு நேரே சொல்லத்தான் வேண்டும்.

3 ஜாகீர்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பிரிவு. பெரிய கல்வராயனின் உயரம் 4 ஆயிரம் அடியைத் தொடும். 1976 வரை இந்த மலை 3 ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருடம் கழித்துத்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சமவெளிக்கு வந்த ரோடும் பஸ்சும் இங்கே ஏன் மெதுவாக வந்தன என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதன் பிறகு மலை மக்களின் நிலை பற்றி சென்னை ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, பஸ், ஆஸ்பத்திரி என்று எல்லாம் அதில் பேசப்பட்டது. கோர்ட்டு கேட்கும் அளவுக்கு ரோடு பிரச்சினை உள்ள மலைதான் இது. அங்கே போய் "சாகசம்" என்று சேற்றைத் தேடிப் போகிறார்கள் பட்டணத்துப் பிள்ளைகள். மலைக்காரருக்கு அந்தச் சேறுதான் தினமும் வீட்டுக்குப் போகும் வழி.

கிக்கர் எங்கே?

அந்தக் காலத்துத் திருவொற்றியூர் புல்லட்டும் மைசூர் ஜாவாவும் படுத்தால், உதைத்து எழுப்பலாம். பிளக்கைக் கழற்றி, துடைத்து, மாட்டினால் பாதி நோய் தீர்ந்தது. இன்றைய புது பைக்குகள் பலவற்றில் கிக்கரே கிடையாது. பெட்ரோலை ஊசி போல் பீய்ச்சும் எஞ்சின். பெட்ரோலை மேலே தள்ளும் பம்புக்கும் கரண்டு வேண்டும். பேட்டரி அடியோடு செத்துவிட்டால், நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் வண்டி முனகாது. விலை இரண்டு லட்சம், மூன்று லட்சம். கெடுத்தது 10 ரூபாய் பியூஸ்! அதைக் கீழேயே வாங்கிப் பையில் போட்டிருந்தால் கதை முடிந்தது.

பையில் வேறு என்ன இருக்க வேண்டும்? பெரிய பட்டியல் தேவை இல்லை. கிளட்ச் ஒயர் ஒன்று. அனுபவப்பட்டவர்கள் புது ஒயரைப் பழைய ஒயரின் பக்கத்திலேயே ஓட்டி, டேப் சுற்றி வைத்துவிடுவார்கள். அறுந்த இடத்தில் முனையை மாற்றி மாட்டினால் பத்து நிமிட வேலை. ஒயர் இல்லாவிட்டால், இறக்கத்தில் உருளவிட்டு கியரைத் தட்டி, கிளட்ச் இல்லாமலே ஊர் வந்து சேரும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஏற்றத்தில் அந்த வித்தை பலிக்காது.

செயின் லாக் ஒன்று. அவரவர் வண்டிக்கு ஏற்ற ஸ்பேனர். பிறகு பஞ்சர் சாமான். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ட்யூப்லெஸ் டயர் என்றால் ஓட்டையில் திரியைச் செருகி, காற்றை அடித்துப் போய்விடலாம். மலைக்கென்றே வாங்கும் ஸ்போக் வீல் பைக்குகளில் பெரும்பாலும் ட்யூப் இருக்கும். ஆணி குத்தினால் வீலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். தன் வண்டியில் இருப்பது ட்யூபா, ட்யூப்லெஸ்சா என்று வீட்டில் இருக்கும்போதே பார்க்கத் தெரியாதவர், மலைக்கு வராமல் மெரினாவுக்குப் போகலாம்.

ஓடை

கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கும் மலை இது. மேலே மழை கொட்டினால், ஓடையில் திடீரென்று தண்ணீர் ஏறும். முழங்கால் தண்ணீர்தானே என்று இறக்கிவிடுகிறார்கள். நடுவில் வண்டி நின்றுவிடும். உடனே செல்ப் பட்டனை அமுக்குவது மனித சுபாவம். அமுக்கவே கூடாது! ஏர் பில்டர் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், அந்தத் தண்ணீரை பிஸ்டன் நசுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். கரைக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, பில்டரைப் பிழிந்து காயவைத்த பிறகுதான் பட்டன்.

வேனில் வருபவர்கள் இன்னொரு காரியம் செய்கிறார்கள். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து உருளவிடுவது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி போச்சு. ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, கடைசியில் பிடிக்காது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய லாரி டிரைவர்கள் சொல்வது. எத்தனை ரூபாய் பெட்ரோல் மிச்சமாகிறது என்று கொண்டை ஊசி வளைவில் கணக்குப் பார்க்கிறார்களோ தெரியவில்லை.

கல்லும் குழையும்

வண்டி நின்றுவிட்டது. முதல் காரியம் என்ன? ஸ்பேனரை எடுப்பதா? இல்லை. வண்டியை ஓரம் கட்டுவது.

ரோடு ஒடுக்கம். பின்னால் ஒரு பிக்கப் வேன் வரும். அதில் காய்ச்சல்காரர் இருக்கலாம். பிரசவ வலியில் துடிக்கும் பெண் இருக்கலாம். 108 ஆம்புலன்சே வரலாம். நடு ரோட்டில் பைக்கைச் சாய்த்து, அதன் முன் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால், ஹார்ன் அடித்து அடித்து அந்த டிரைவர் என்ன சாபம் விடுவார்! பட்டணத்துக்காரருக்கு ஒரு நாள் கூத்து. அந்தப் பெண்ணுக்கு உயிர்.

அகற்ற முடியாத வண்டி என்றால், வளைவுக்கு முன்னாலேயே இலைக் குழையை ஒடித்துப் போட வேண்டும். நம் ஊர் லாரிக்காரர்கள் காலம் காலமாகச் செய்வது. சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். வண்டி ரெடி ஆனதும் அந்தக் கல்லை எடுத்துவிட்டுப் போக வேண்டும். பத்தில் எட்டுப் பேர் எடுப்பதில்லை! ராத்திரியில் எக்ஸ்.எல். மொபெட்டில் அரிசி மூட்டையோடு வரும் மலைக்காரர் அதில் மோதி விழுகிறார். உதவிக்கு வைத்த கல்லே எமனாகிறது.

கூலி

இன்னொரு வெட்கக்கேடு. வண்டி படுத்ததும் எங்கிருந்தோ ஒரு மலைவாசி இளைஞர் வருவார். "என்னங்ண்ணா ஆச்சு?" என்பார். காட்டுக் கொடியோ கயிறோ கட்டி இழுப்பார். தன் வேலையைப் போட்டுவிட்டு, பக்கத்து ஊருக்குப் போய் ஆளைக் கூட்டி வருவார். எல்லாம் முடிந்ததும் 50 ரூபாயை நீட்டி, "வச்சுக்கோ தம்பி" என்கிறார்கள். சென்னையில் வண்டியை ஏற்றி இழுத்துப்போக என்ன வாங்குகிறான் என்று இவர்களுக்குத் தெரியாதா? அங்கே வாயைத் திறக்காமல் கொடுப்பவர், இங்கே பேரம் பேசுகிறார். மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியை இவருக்கும் கொடுப்பதுதான் நியாயம்.

ரோட்டை விட்டு விலகி, காட்டுக்குள் வண்டியை விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 1882-ம் வருடத்துச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டதுதான், இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே வண்டி படுத்தால் உதவி கேட்டுக் கத்தவும் முடியாது. கத்தினால் வருவது பாரஸ்டர்!

மாவட்ட நிர்வாகம் ஒன்று செய்யலாம். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டது. கோமுகி அணை அருகே ஒரு போர்டு. அதில் மேலே எந்தெந்த ஊரில் பஞ்சர் ஒட்டும் ஆள், வெல்டிங் போடும் ஆள் இருக்கிறார் என்று போன் நம்பரோடு எழுதட்டும். எந்த வளைவு வரை டவர் எட்டும் என்பதையும் எழுதட்டும். பெயிண்டு செலவுதான். பைக்காரருக்கு மட்டும் அல்ல, வெள்ளிமலைக்கு மளிகை ஏற்றிப் போகும் மினி லாரிக்காரருக்கும் அது வேண்டும்.

அந்த போர்டு வரும் வரை, ஏறும் முன் டீக்கடையில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளலாம். மேலே மழை பெய்ததா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு இறங்கும்? பைக்கை மலையிலேயே விட்டுவிட்டு வர வேண்டி வந்தால், அந்த பஸ்தான் துணை.